எட்டாம் எண் இறால்: இழைமணி டிஎன்ஏவோடு சில சனிக்கிழமைகள்

எட்டாம் எண் இறாலின் உடல் என்னிடம் இல்லை. அதன் நீந்துகால் ஒன்று மட்டும், எத்தனால் நிரப்பிய சிறு குழாயில், ஆய்வகக் குளிர்பெட்டியில் இருக்கிறது. உடல் மற்ற இறால்களோடு சேர்ந்து அன்றைக்கே எங்கள் வீட்டில் தொக்காகிவிட்டது. அம்மா மேல் குற்றமில்லை. கால்களை வெட்டி எடுத்துக்கொண்டு, "மீதியைச் சமைத்துவிடுங்கள் அம்மா" என்று கூடையை நீட்டியது நான்தான். நான்கு மாதம் கழித்து, இருந்த பதினான்கு இறால்களில் அந்த ஒன்றின் உடல்தான் எனக்குத் தேவைப்பட்டது.

தொடக்கம் ஒரு தீவன மூட்டை. நான் பினாங்குத் தீவில் உயிரியல் கற்பிக்கிறேன். என் ஆறாம் படிவ மாணவி ஒருத்தியின் அப்பா நிபோங் தெபால் பக்கம் இறால் பண்ணையில் வேலை செய்கிறார். அவள் இங்கே அத்தை வீட்டில் தங்கிப் படிக்கிறாள். ஒரு நாள் வகுப்பு முடிந்ததும் கைப்பேசியில் இரண்டு படங்களைக் காட்டினாள். தீவன மூட்டையில் 'லிட்டோபெனேயஸ் வன்னமெய்' என்று அச்சிட்டிருந்தது. இறால் குஞ்சுகள் வந்த பெட்டியில் 'பெனேயஸ் வன்னமெய்' என்று இருந்தது. "ஒரே இறாலுக்கு ஏன் டீச்சர் இரண்டு பெயர்? எது சரி?"

நல்ல கேள்வி. 1997 வரை இந்த இறால்கள் எல்லாம் பெனேயஸ் என்ற ஒரே பேரினத்தில்தான் (அறிவியல் பெயரின் முதல் சொல் அது) இருந்தன. அந்த ஆண்டு பெரெஸ் ஃபர்ஃபான்டே, கென்ஸ்லி இருவரும் உடலமைப்பை வைத்து அதை ஆறாகப் பிரித்தார்கள். புலி இறாலுக்குப் பெனேயஸ் என்ற பெயர் நின்றது. வன்னமெய் லிட்டோபெனேயஸ் ஆனது. நம் சந்தை வெள்ளை இறால் ஃபென்னரோபெனேயஸ் ஆனது. பிறகு, உயிரணுவுக்கு ஆற்றல் தரும் சிறு உறுப்பான இழைமணியின் (மைட்டோகாண்ட்ரியா) டிஎன்ஏவைப் படித்தவர்கள், அந்த ஆறில் சில பேரினங்கள் தனித்தனிக் கிளைகளாக நிற்கவில்லை என்று கண்டார்கள். 2011இல் ஹாங்காங், தைவான் ஆய்வாளர்கள் பழைய பெரிய பெனேயஸுக்கே திரும்பலாம் என்று எழுதினார்கள். எல்லாரும் திரும்பவில்லை. அதனால்தான் மூட்டையில் ஒரு பெயர், பெட்டியில் ஒரு பெயர்.

இதைச் சொன்னதும் அவள் கேட்டாள்: "அதை நாமே செய்து பார்க்க முடியுமா?"

முடியும் என்று சொல்லிவிட்டேன். கல்லூரி ஒன்றில் ஆய்வகப் பொறுப்பாளராக இருக்கும் என் பழைய வகுப்புத் தோழி, சனிக்கிழமைகளில் கருவிகளைப் பயன்படுத்த அனுமதி வாங்கித் தந்தாள். வேதிப்பொருள்களுக்கும் டிஎன்ஏவின் எழுத்துவரிசை படிக்கும் செலவுக்கும் பணம் என்னுடையது. பதினான்கு மாதிரிகளோடு நிறுத்திக்கொண்டதற்கு அதுதான் காரணம்.

ஏன் இழைமணி டிஎன்ஏ, ஏன் உட்கருவில் இருப்பது இல்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். உயிரணு ஒன்றில் உட்கரு ஒன்றுதான். இழைமணிகளோ நூற்றுக்கணக்கில் இருக்கும், ஒவ்வொன்றிலும் அதன் சொந்த வட்ட டிஎன்ஏ இருக்கும். சந்தையில் பனிக்கட்டியில் கிடந்து பாதி சிதைந்த தசையிலும் ஏதாவது நல்ல நகல் கிடைக்கும். அந்த வட்டமும் சிறியது. புலி இறாலுடையதை 2000ஆம் ஆண்டிலேயே முழுதாகப் படித்துவிட்டார்கள்: 15,984 எழுத்துகள், 37 மரபணுக்கள். உட்கரு டிஎன்ஏவை விட வேகமாக மாறுவதால், நெருங்கிய இனங்களுக்கு நடுவிலும் வேறுபாடு தெரியும்.

இன்னொரு காரணமும் உண்டு, அதுவே இதன் எல்லையும்கூட. என் அடையாள அட்டையில் என் பெயருக்குப் பின்னால் 'இன்னாரின் மகள்' என்று அப்பாவின் பெயர் இருக்கிறது. அம்மாவின் பெயர் எங்கும் இல்லை. இறாலின் இழைமணியில் இது தலைகீழ்: தாயிடமிருந்து மட்டும் வருவது, தாய்க்குத் தாய், அவளுக்குத் தாய் என்று ஒற்றை வழியாகப் போவது. இரு பெற்றோரின் பங்கும் கலந்து குழம்பாததால் வழியைப் பின்தொடர்வது எளிது. ஆனால் அட்டையைப் பார்த்து என் பாட்டி யார் என்று எப்படிச் சொல்ல முடியாதோ, அப்படியே இழைமணியைப் பார்த்துத் தந்தை வழியில் என்ன நடந்தது என்று சொல்ல முடியாது. மாணவிக்கு இந்த உவமை உடனே பிடித்துக்கொண்டது. கடைசி வரை எங்களுக்குள் இழைமணிக்குப் பெயரே 'அம்மா அட்டை'தான்.

மாதிரி வாங்கும் வேலை ஒரு வாரம் பிடித்தது. சௌரஸ்தா சந்தையில் நான் வழக்கமாக மீன் வாங்கும் பாய், புலி இறாலையும் அதைப் போலவே இருக்கும் வரி இறாலையும் தனித்தனியாக எடுத்துத் தந்தார். இவை பெனேயஸ் மோனோடான், பெனேயஸ் செமிசல்கேட்டஸ். உணர்கொம்பில் பட்டை பட்டையாக நிறம் மாறி வருவதைப் பார்த்தே அவர் பிரித்துவிடுகிறார். புத்தகம் இன்னோர் அடையாளமும் சொல்லும். ஐந்தாம் நடைகாலின் அடியில் சிறு துணைக்கிளை இருந்தால் செமிசல்கேட்டஸ், இல்லாவிட்டால் மோனோடான். லென்ஸ் வைத்துப் பார்த்தேன், பாய் சொன்னது சரி.

வன்னமெய் இரண்டும் மாணவியின் அப்பா கொடுத்து அனுப்பியவை. கிழக்குப் பசிபிக் கடலோரத்து இறால் அது. நம் கடலில் பிறந்ததல்ல, குளத்தில் வளர்க்கக் கொண்டுவந்தது. 'ஊடாங் பூத்தே' என்ற வெள்ளை இறால் நான்கு: சௌரஸ்தாவில் இரண்டு, பாயான் பாருவில் இரண்டு. ஐந்து, ஆறு, ஏழு, எட்டு என்று எண் இட்டோம். 'ஊடாங் மின்யாக்' என்று இரண்டு கடைகளில் கேட்டு ஒவ்வொன்று வாங்கினோம். பத்து மாவுங் சேற்றோரத்தில் மாணவி பிடித்த சொடுக்கு இறால் ஒன்று. பெலாச்சான் என்ற இறால் விழுது செய்யும் பொடி இறாலான கெராகாவ், அதாவது அசெட்டஸ், ஒரு பிடி. நன்னீர் இறாலான 'ஊடாங் காலா' ஒன்று. கடைசியாக, இறால் என்று பெயர் மட்டும் தாங்கும் 'ஊடாங் லிப்பான்'. பூரான் போல் இருப்பதால் அந்த மலாய்ப் பெயர், இனத்தால் அது இறாலே இல்லை. உறவுமரத்துக்கு வேர் எங்கே என்று காட்ட, குடும்பத்துக்கு வெளியாள் ஒருவர் வேண்டும். அதற்காக அது.

ஊடாங் காலாவைப் பற்றி ஒன்று சொல்லாமல் நகர மனமில்லை. இன்று உலகெங்கும் இந்த இறாலைக் குளத்தில் வளர்க்கிறார்கள் என்றால், அதற்கு வழி திறந்தது நம் குளுகோரில்தான். ஐ.நா. உணவு விவசாய நிறுவனத்துக்காக இங்கே பணியாற்றிய ஷாவ்-வென் லிங், ஆற்று இறாலின் குஞ்சுகள் நன்னீரில் பிழைக்காது, அவற்றுக்குச் சற்று உப்புள்ள நீர் வேண்டும் என்று 1961இல் கண்டறிந்தார். தாய் முட்டைகளை வயிற்றடியில் சுமந்துகொண்டே கழிமுகத்துக்கு இறங்கிவரும். இந்த முட்டை சுமப்பதே உறவுக்கு ஒரு பெரிய தடயம். புலி இறாலும் வெள்ளை இறாலும் கெராகாவும் முட்டைகளைத் தண்ணீரில் விட்டுவிடும் கூட்டம். ஊடாங் காலாவும் சொடுக்கு இறாலும் வயிற்றில் சுமக்கும் கூட்டம். தட்டில் ஒன்றாகத்தான் தெரியும், ஆனால் இரண்டும் மிகப் பழைய காலத்திலேயே பிரிந்தவை.

இனி வேலை. ஒவ்வோர் இறாலிலும் ஒரு நீந்துகாலை வெட்டி, கழுவி, 95 சதவீத எத்தனாலில் போட்டோம். ஒவ்வொரு முறையும் புது பிளேடு. சந்தைக் கூடையில் எல்லா இறாலும் ஒரே பனிநீரில் ஊறுவதால், மேல்தோலில் அடுத்த இறாலின் உயிரணுக்கள் ஒட்டியிருக்கும். கழுவிவிட்டு உள்தசையை எடுப்பதே நல்லது. எத்தனாலில் ஒரு வாரம் வைத்தோம். வெட்டிய உடல்கள் சமையலறைக்குப் போயின.

டிஎன்ஏ பிரிக்க விலை குறைந்த வழியான செலெக்ஸை எடுத்துக்கொண்டோம். பார்வைக்கு ரவை போன்ற சிறு பிசின் மணிகள். ஐந்து சதவீதக் கரைசலாக நீரில் கலந்து, ஒரு குழாய்க்கு 200 மைக்ரோலிட்டர். அதில் அரிசிமணியில் பாதி அளவுக்குத் தசை. எத்தனால் உலர்ந்த பிறகே போட வேண்டும், ஈரத்தோடு போட்டால் பின்னால் வரும் வினை கெடும். புரதத்தைச் செரிக்கும் நொதி, புரோட்டினேஸ் கே, 5 மைக்ரோலிட்டர். 56 டிகிரியில் மூன்று மணி நேரம், பிறகு 95 டிகிரியில் பத்து நிமிடம். மையவிலக்கியில் சுழற்றினால் மணிகள் அடியில் தங்கும், டிஎன்ஏ மேல்நீரில் இருக்கும்.

கேட்பதற்கு எளிது. முதல் சனிக்கிழமை பதினான்கில் மூன்றுதான் வேலை செய்தன.

காரணம் கண்டுபிடிக்க இரண்டு வாரம் ஆயிற்று. செலெக்ஸ் மணிகளின் வேலையே மக்னீசியம் போன்ற உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்வது. சூடேற்றும்போது டிஎன்ஏவைச் சிதைக்கும் நொதிகளுக்கு அந்த அயனிகள் வேண்டும். மணிகள் அவற்றைப் பறித்துவிடுவதால் டிஎன்ஏ தப்பிக்கிறது. ஆனால் டிஎன்ஏ துண்டைப் பல கோடி நகல்களாகப் பெருக்கும் அடுத்த கட்டமான பிசிஆருக்கும் மக்னீசியம் இல்லாமல் முடியாது. நான் பைப்பெட்டை ஆழமாக விட்டு, கண்ணுக்குத் தெரியாத இரண்டு மூன்று மணிகளையும் சேர்த்து உறிஞ்சியிருக்கிறேன். டிஎன்ஏவைக் காப்பாற்றிய அதே மணிகள், அதைப் பெருக்கும் வினையைக் கொன்றுவிட்டன. மறுமுறை இரண்டு தடவை சுழற்றி, மேலிருந்து 50 மைக்ரோலிட்டரை மட்டும் வேறு குழாய்க்கு மாற்றினேன். அதைப் பத்து மடங்கு நீர்த்தும் ஒரு தொகுதி வைத்துக்கொண்டேன், ஏனென்றால் இறால் தோலின் நிறப்பொருள்களும் வினையைத் தடுக்கும். கலக்கும்போது இன்னொரு கவனம் வேண்டும்: மணிகள் சட்டென்று அடியில் இறங்கிவிடும். குழாயைக் குலுக்கிக்கொண்டே, நுனி அகன்ற பைப்பெட்டால் எடுக்காவிட்டால் முதல் குழாய்க்கு வெறும் மணியும் கடைசிக் குழாய்க்கு வெறும் தண்ணீரும்தான் கிடைக்கும்.

பிசிஆர் கலவை 25 மைக்ரோலிட்டர்: ஆயத்தக் கலவை 12.5, பெருக்க வேண்டிய துண்டின் இரு முனைகளிலும் ஒட்டும் சிறு டிஎன்ஏக்களான பிரைமர்கள் இரண்டும் தலா 1, டிஎன்ஏ 2, மீதி 8.5 நீர். இரண்டு மரபணுத் துண்டுகளைத் தேர்ந்தோம். ஒன்று, சைட்டோகுரோம் ஆக்சிடேஸ் முதல் அலகு. 1994இல் ஃபோல்மரும் கூட்டாளிகளும் வெளியிட்ட 25, 26 எழுத்துப் பிரைமர் இணை இதற்கு உண்டு. முதுகெலும்பில்லா உயிர்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்த ஓர் இணையே போதும், நடுவில் 658 எழுத்துகள் கிடைக்கும். மற்றது, ரைபோசோம் சார்ந்த 16எஸ். ஐந்நூற்றுச் சொச்சம் எழுத்துகள், மாற்றம் மெதுவானது. வேகமாக மாறும் ஒன்றும் மெதுவாக மாறும் ஒன்றும் வேண்டும் என்பது என் கட்சி. முதலாவது, கிட்டத்து உறவைக் காட்டும். தூரத்து உறவுக்கு அது உதவாது: ஒரே இடம் பலமுறை மாறி மாறி, கடைசியில் தற்செயலாகவே ஒத்துப்போய்விடும்.

94 டிகிரி, பிறகு பிரைமர் ஒட்டும் சூடு, பிறகு 72, இப்படி 35 சுற்று. ஒட்டும் சூட்டை 16எஸ்ஸுக்கு 50 என்று வைத்தது சரியாக இருந்தது. முதல் மரபணுவுக்கு அதே 50இல் பாதி மாதிரிகள் வரவில்லை. 46க்கு இறக்கியதும் வந்தன. ஒவ்வொரு முறையும் டிஎன்ஏ இல்லாத வெற்றுக் குழாய் ஒன்றையும் ஓட்டினோம். ஒரு முறை அதிலும், டிஎன்ஏ பெருகியதைக் காட்டும் பட்டை தெரிந்தது. அன்றைய பதினான்கையும் அப்படியே கொட்டிவிட்டு, புது நீர் எடுத்து மறுபடி செய்தோம். மாணவிக்கு அது வலித்தது. எனக்கும்தான். ஆனால் வெற்றுக் குழாயில் பட்டை வந்த நாளின் எந்தப் பட்டையையும் நம்பக் கூடாது, அதில் தள்ளுபடி கிடையாது.

டிஎன்ஏ துண்டுகளை நீளப்படி பிரித்துக் காட்டும் ஜெல் ஓட்டுவது அவளுக்கு மிகவும் பிடித்த கட்டம். அகரோஸ் என்பது நாம் அகார்-அகார் காய்ச்சும் அதே கடற்பாசிப் பொருளைச் சுத்தம் செய்து எடுத்தது என்று சொன்னதும், தன் அத்தை தேங்காய்ப்பால் விட்டுக் காய்ச்சுவதைப் போலவே கவனமாகக் கொதிக்கவைத்து ஊற்றினாள். அளவுகோலில் எழுநூறுக்குப் பக்கத்தில் ஒரு வரிசை, ஐந்நூற்றைம்பதுக்குப் பக்கத்தில் ஒரு வரிசை, நேராக, ஒளியோடு. அந்தப் படத்தை அவள் இன்னும் கைப்பேசியின் முகப்பில் வைத்திருக்கிறாள்.

எழுத்துவரிசை படிக்கும் வேலையைக் கட்டணம் கட்டி வெளியே கொடுத்தோம். பத்து நாளில் கோப்புகள் வந்தன. நான்கு நிறத்தில் மலையும் பள்ளமுமாக ஓடும் வரைபடங்கள். அதை எந்திரம் எழுத்தாக மாற்றித் தந்தாலும், கண்ணால் ஒருமுறை முழுக்கப் பார்க்க வேண்டும். முதல் இருபது முப்பது எழுத்துகளும் கடைசிப் பகுதியும் நம்பத்தக்கவை அல்ல.

பிறகு ஒரு சோதனை. முதல் மரபணு புரதம் செய்யும் மரபணு என்பதால், மூன்று மூன்று எழுத்தாகப் பிரித்துப் புரதமாகப் படித்தால் நடுவில் 'நிறுத்து' என்ற சொல் வரக் கூடாது. மாணவி படித்தாள். எல்லா இறாலிலும் பல இடங்களில் நிறுத்து. அவள் முகம் வாடிவிட்டது. தவறு இறாலில் இல்லை, நாங்கள் எடுத்த அகராதியில். டி-ஜி-ஏ என்பது வழக்கமான மரபுக் குறியீட்டில் நிறுத்தச் சொல். முதுகெலும்பில்லாதவற்றின் இழைமணியில் அது டிரிப்டோபான் என்ற அமினோ அமிலம். மென்பொருளில் அந்தக் குறியீட்டுப் பட்டியலை மாற்றியதும் பதின்மூன்று இறால்கள் தொடக்கம் முதல் முடிவு வரை தடையின்றி ஓடின.

பதினோராம் எண் மட்டும் ஓடவில்லை. சொடுக்கு இறால். நடுவில் உண்மையான நிறுத்தச் சொல், அதற்கு முன் ஓர் எழுத்து விடுபட்டிருந்தது. இது நமக்குப் புதிதல்ல என்பது பிறகுதான் தெரிந்தது. சொடுக்கு இறால்களில் இழைமணி மரபணுவின் நகல்கள் உட்கருவுக்குள் போய் ஒட்டிக்கொண்டு, வேலையில்லாமல் மாறிக்கொண்டே இருப்பது மிகப் பரவலானது என்று வில்லியம்ஸ், நவுல்டன் இருவரும் 2001இல் எழுதியிருக்கிறார்கள். நாங்கள் பிடித்தது மரபணுவை அல்ல, அதன் நிழலை. கவனிக்காமல் மரத்தில் சேர்த்திருந்தால் இல்லாத இனம் ஒன்றைக் கண்டுபிடித்ததாக மகிழ்ந்திருப்போம். அந்த இறாலுக்கு 16எஸ்ஸை மட்டும் வைத்துக்கொண்டோம்.

மரம் வரைந்த அன்று இருவரும் பகல் சாப்பாட்டை மறந்தோம். கிளை பிரியும் ஒவ்வொரு கணுவும் எவ்வளவு உறுதி என்று பார்க்க, தரவை ஆயிரம் முறை கலைத்துக் கலைத்து மரத்தைத் திரும்பக் கட்டச் சொன்னோம். முட்டையை விடும் கூட்டமும் சுமக்கும் கூட்டமும் தெளிவாகப் பிரிந்தன. கெராகாவ், இவ்வளவு சிறியதாக இருந்தும், ஊடாங் காலாவோடு அல்ல, புலி இறாலின் பக்கமே நின்றது. இரண்டு கடை 'ஊடாங் மின்யாக்'கும் வேறு வேறு பேரினங்கள்: ஒன்று மெட்டாபெனேயஸ், ஒன்று பாராபெனேயோப்சிஸ். சந்தைப் பெயர் சமையலுக்கு உதவும், உறவுக்கு உதவாது.

வன்னமெய்? புலி இறால், வரி இறால், வெள்ளை இறால் எல்லாம் இருந்த பெரிய கிளைக்குள்ளேயே அது உட்கார்ந்தது. அந்தப் பெரிய கிளையின் கணு ஆயிரத்தில் தொள்ளாயிரத்துக்கு மேல் நின்றது. உள்ளே யார் யாருக்கு அதிகம் நெருக்கம் என்ற கணுக்களோ பாதிகூடத் தாண்டவில்லை. "அப்படியானால் பெனேயஸ் என்பதே போதுமா டீச்சர்?" என்றாள். நம்மிடம் உள்ள இரண்டு துண்டுகள், அதுவும் அம்மா அட்டையிலிருந்து மட்டும், இவ்வளவுதான் சொல்லும்: இவை ஒரே பெரிய வீட்டார், உள்ளறைகள் எப்படி என்று தெளிவில்லை. என் சொந்தச் சாய்வு பழைய பெரிய பெனேயஸின் பக்கம்தான். ஒரு பேரினப் பெயர் உறுதியான கணு ஒன்றின் மேல் நிற்க வேண்டும், ஆடும் கணுவின் மேல் அல்ல.

இங்கே முடிந்திருக்க வேண்டிய வேலை. வெள்ளை இறால் நான்கையும் ஒப்பிட்டபோதுதான் எட்டாம் எண் எழுந்து நின்றது.

ஐந்து, ஆறு, ஏழு மூன்றும் தங்களுக்குள் 658 எழுத்தில் இரண்டு மூன்றுதான் வேறுபட்டன. எட்டு மட்டும் அவற்றிலிருந்து 34 இடங்களில் வேறுபட்டது. நூற்றுக்கு ஐந்துக்கும் சற்று மேல். ஏழாம் எண்ணோடு ஒரே சந்தையில், ஒரே தட்டில், ஒரே விலையில் வாங்கியது அது. முதலில் கலப்படம் என்று நினைத்தேன். கால் மிச்சத்திலிருந்து மறுபடி டிஎன்ஏ பிரித்து, எதிர்த்திசையிலும் படித்தோம். அதே 34. நிறுத்தச் சொல் இல்லை, விடுபட்ட எழுத்தும் இல்லை, 34இல் பெரும்பாலானவை புரதத்தை மாற்றாத மூன்றாம் எழுத்துகள். நிழல் அல்ல, உண்மையான மரபணு. டிஎன்ஏ வரிசைகளின் பொதுக் களஞ்சியமான ஜென்பேங்கில் தேடினோம். நம் வெள்ளை இறாலின் அறிவியல் பெயரான பெனேயஸ் மெர்குயென்சிஸ் என்று பெயரிட்ட சில பதிவுகளோடு எட்டு 99 சதவீதம் பொருந்தியது. அதே பெயர் தாங்கிய வேறு பதிவுகளோடு 95தான். மற்ற மூன்றுக்கும் இது நேர் மாறு. ஒரே பெயருக்குள் இரண்டு தாய்வழிகள். தாய்லாந்து ஆய்வாளர்கள் 2003இலேயே இந்த இறாலில் இரண்டு கிளைகள் இருப்பதைக் கண்டு எழுதியிருக்கிறார்கள்.

இரண்டு கிளை என்றால் இரண்டு இனமா? அதைச் சொல்ல டிஎன்ஏ மட்டும் போதாது, உடலைப் பார்க்க வேண்டும். வெள்ளை இறால் கூட்டத்தில் மயங்கவைக்கும் இனங்கள் பல. மெர்குயென்சிஸின் தலைக்கொம்பு அடியில் முக்கோணமாக உயர்ந்திருக்கும், இண்டிகஸுக்கு அவ்வளவு உயராது. வளர்ந்த ஆணின் மூன்றாம் வாய்க்காலில் (வாயை ஒட்டிய சிறு கால்) நுனிக்கணு அதற்கு முந்திய கணுவில் பாதியளவு இருந்தால் மெர்குயென்சிஸ், ஏறக்குறைய சமமாக இருந்தால் இண்டிகஸ். 1979இல் போர்னியோவிலிருந்து விவரிக்கப்பட்ட சிலாசி என்ற இனமும் உண்டு. இந்தியக் கடல் மீன்வள ஆய்வில் பெரிய பெயரான சைலஸ் அவர்களைச் சிறப்பிக்க அந்தப் பெயர். இவற்றில் எட்டாம் எண் எது? ஆணா பெண்ணா என்பதுகூட எனக்குத் தெரியாது. படம் எடுக்கவில்லை. மேசை மேல் முழுதாகக் கிடந்தபோது நான் ஒரு காலை வெட்டிவிட்டு அடுத்ததற்கு நகர்ந்துவிட்டேன்.

அந்த வாரம் முழுவதும் மனம் ஆறவில்லை. மாணவிகளுக்கு மாதிரி என்றால் என்ன என்று எத்தனை ஆண்டு சொல்லிக்கொடுத்திருக்கிறேன்!

அடுத்த சனிக்கிழமை விடிவதற்குள் பாயிடம் போனேன். விஷயத்தைச் சொன்னேன். தரம் பிரிக்காத பெட்டியிலிருந்து பொறுக்கிக்கொள்ளச் சொன்னார். "தலை உடையாததாகப் பாருங்கள் டீச்சர், கொம்பு போனால் உங்களுக்குப் பயனில்லை" என்று அவரே இரண்டைத் திருப்பிப் போட்டார். பன்னிரண்டு வெள்ளை இறால்கள், ஏழு ஆண், ஐந்து பெண். இம்முறை ஒவ்வொன்றையும் அளவுகோலோடு வைத்து, பக்கவாட்டில், மேலிருந்து, கொம்பை மட்டும் கிட்டத்தில் என்று மூன்று படம் எடுத்தோம். தசையை 95 சதவீத எத்தனாலிலும், முழு உடலை 70 சதவீதத்திலும் போட்டோம். உடலை 95இல் வைத்தால் விறைத்து, தொட்டால் கால்கள் உதிரும். எண்ணைப் பென்சிலால் தடித்த தாளில் எழுதிப் புட்டிக்குள்ளேயே போட்டோம். பேனா மை எத்தனாலில் கரைந்துவிடும். புட்டிக்கு வெளியே ஒட்டும் தாளை நான் இப்போது நம்புவதில்லை.

செலெக்ஸ், பிசிஆர், ஜெல் எல்லாம் இரண்டே சனிக்கிழமையில் முடிந்தன. கை பழகிவிட்டது. பன்னிரண்டில் மூன்றாம் எண்ணும் ஒன்பதாம் எண்ணும் எட்டாம் எண்ணின் கிளையில் போய்ச் சேர்ந்தன. எட்டோடு ஒப்பிட்டால் ஒன்றில் ஒரே ஓர் எழுத்து வேறுபாடு, மற்றதில் நான்கு.

அந்த இரண்டு புட்டிகளையும் திறந்தபோது என் கை சற்று நடுங்கியது. இரண்டும் ஆண். கொம்பு இரண்டிலும் முக்கோணமாக உயர்ந்திருந்தது. வாய்க்காலின் நுனிக்கணு பாதியளவு. புத்தகத்தின்படி இரண்டும் மெர்குயென்சிஸ், மற்ற ஐந்து ஆண்களும் அப்படியே. கொம்பின் பற்களை எண்ணினோம், ஓட்டின் நீளத்தை அளந்தோம், ஆணின் இணைவுறுப்பை லென்ஸில் வரைந்து பார்த்தோம். இரண்டு கிளைக்கும் நடுவில் எங்கள் கண்ணுக்கு எந்த வேறுபாடும் அகப்படவில்லை. இரண்டு ஆணை வைத்து முடிவு சொல்லவும் நான் தயாரில்லை.

இனிச் செய்ய வேண்டியது தெரியும். தந்தை வழியும் பேசும் உட்கரு மரபணு ஒன்று வேண்டும். இறால்களில் பெப்சிகே என்ற மரபணுவை முன்பே பலர் பயன்படுத்தியிருக்கிறார்கள், அதற்கான பிரைமர்களுக்குச் சொல்லிவைத்திருக்கிறேன். இரண்டு தாய்வழிகளும் தங்களுக்குள் கலந்து இனம்பெருக்குகின்றன என்றால் அந்த மரபணு இரண்டிலும் கலந்தே கிடக்கும். கலக்கவில்லை என்றால் அங்கும் பிரிந்து நிற்கும். மாணவி அதற்குள் தேர்வு எழுதிவிடுவாள், ஆனாலும் வருவேன் என்று சொல்லியிருக்கிறாள். பாய் எந்தப் பெட்டி எந்தக் கரையிலிருந்து வந்தது என்று ஒரு தாளில் குறித்து வைக்கத் தொடங்கியிருக்கிறார், நான் கேட்காமலே.

பன்னிரண்டு புட்டிகளும் அலமாரியில் வரிசையாக இருக்கின்றன. புது மரத்தை அச்சிட்டுச் சுவரில் ஒட்டியபோது எல்லாக் கிளை நுனியிலும் இனப் பெயர் எழுதினோம். எட்டாம் எண்ணுக்கு நேரே, 'வெள்ளை இறால், பாயான் பாரு, உடல் இல்லை' என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.